நிலம் இருந்தும் நாடு போனது

பட்டம் பெறும் மாணவ மாணவியரே, இன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே,

கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே, நீலகிரியின் இந்த நடுவட்டத்தில் நின்றுகொண்டு, கடல் ஏறுவதைப் பற்றிப் பேசப்போகிறேன். மூழ்கப்போகும் நாடுகளைப் பற்றி இந்தியாவில் பேசத் தகுதியுள்ள ஊர்களில் இதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

பசிபிக் கடலில் துவாலு என்றொரு நாடு. மொத்த நிலம் 26 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறத்தாழ 11,000 பேர். ஊட்டி நகரத்து ஜனத்தொகையில் சிறு பங்குதான். 1933-இல் மான்டிவிடியோ நகரில் எழுதப்பட்ட உடன்படிக்கைப்படி ஒரு நாட்டுக்கு நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவுகொள்ளும் தகுதி ஆகியவை வேண்டும். நிலமே தண்ணீருக்குள் போய்விட்டால் ஐ.நா.வில் அதன் இருக்கை என்ன ஆகும்? அதைச் சுற்றியுள்ள 7 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மீன்வளக் கடல் யாருக்குச் சேரும்? சூரை மீன் பிடிக்க வரும் அயல்நாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணம் அந்த அரசுக்குப் பெரிய வருமானம். ஆகவே இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. நமக்கு அருகிலுள்ள மாலத்தீவுக்கும் இதே கவலை. 2009-இல் அதன் அமைச்சரவை கடலுக்கடியில் முக்குளித்துக் கூட்டம் நடத்தியது. உங்களில் பலர் அப்போது பால்வாடியில் இருந்திருப்பீர்கள்.

துவாலு 2023-இல் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, நிலம் போனாலும் நாடு நீடிக்கும் என்று எழுதிக்கொண்டது. 2025 ஜூலை 23 அன்று ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றமும், ஒருமுறை உருவான நாடு அதன் கூறுகளில் ஒன்று மறைந்ததாலேயே நாடு என்ற நிலையை இழந்துவிட வேண்டியதில்லை என்று கருத்துச் சொன்னது. நல்ல செய்திதான். எனக்கோ பாதி மனம்தான் நிறைகிறது. காரணம், இலங்கையிலிருந்து வந்த உங்கள் வீட்டுக் கதை.

1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான 7 லட்சத்துக்கும் அதிகமான மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அங்கே ஓர் அங்குல நிலம்கூடக் கடலுக்குள் போகவில்லை. அட்டன் இருந்தது, பதுளை இருந்தது, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் இருந்தது. மறுநாள் காலையும் ஜனங்கள் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனார்கள், கொழுந்து எடுத்தார்கள். பிரஜாவுரிமை மட்டும் இல்லை. அடுத்த ஆண்டு ஓட்டும் போயிற்று.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் பாத்திரம் பண்டத்தைப் பங்கு வைப்பதுபோல நடந்தது. எங்களைக் கலக்காமல் எங்கள் தலைவிதியை எப்படி முடிவு செய்யலாம் என்று மலையகத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் கேட்டார். இரு அரசுகளிடமும் பதில் இல்லை.

1964 ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. தலைமன்னார்க் கப்பல் வந்து நின்ற துறை அது. அதன்பிறகு ராமேஸ்வரம்தான் இறங்குதுறை. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்று சொன்னார்கள். அதில் ஏறியவர்களில் பலர் மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னாளில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆயிற்று. இந்தியக் குடியுரிமை கிடைத்தது, வேலை கிடைத்தது. ஆனாலும் சாதிச் சான்றிதழுக்கு அலைந்தவர்களும், ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்று தூக்கம் கெட்டவர்களும் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். இலங்கையிலேயே தங்கிவிட்டவர்களில் மிச்சமிருந்த நாடற்றோருக்கு வழி திறந்த சட்டம் 2003-இல்தான் வந்தது. 55 ஆண்டுகள்!

ஆகவே துவாலுவின் கொடி பறக்குமா என்பதைவிட, துவாலுக்காரர் போய் இறங்கும் ஊரில் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. 2023-இல் ஆஸ்திரேலியாவோடு துவாலு செய்துகொண்ட ஃபலெபிலி ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கே நிரந்தரமாகக் குடியேறலாம். விருப்பமுள்ளவர் விண்ணப்பிக்கலாம், குலுக்கலில் பெயர் வர வேண்டும். 2025-இல் நடந்த முதல் குலுக்கலுக்கே மக்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். யாரையும் எண்ணிக்கையாகப் பிரித்து அனுப்பவில்லை என்பதால் இது 1964-ஐவிட மேலானது. ஆனால் துவாலு வேறு நாடுகளோடு பாதுகாப்பு உடன்பாடு செய்ய ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும் என்ற ஷரத்தும் அதில் இருக்கிறது. அடைக்கலத்துக்கு விலை கேட்பது எனக்கு உவப்பாக இல்லை. மேலும், வெள்ளத்துக்கு அஞ்சி ஓடிவருபவரை 1951-இன் அகதிகள் உடன்படிக்கை அகதியாகவே கணக்கில் எடுப்பதில்லை. நாட்டைக் காக்கும் வாதம் நீதிமன்றம் ஏறிவிட்டது. ஆளைக் காக்கும் சட்டம் இன்னும் எழுதப்படவில்லை.

யார் எழுதுவது? ஹேக் நீதிமன்றத்தின் கருத்துக்கு வித்திட்டவர்கள் 2019-இல் வனுவாட்டுவில் படித்துக்கொண்டிருந்த 27 சட்ட மாணவர்கள். வகுப்பறையில் பேசியதைத் தங்கள் அரசுகளிடம் கொண்டுபோனார்கள், 2023-இல் ஐ.நா. பொதுச்சபை அதைத் தீர்மானமாக ஏற்று நீதிமன்றத்துக்கு அனுப்பியது. உங்களைவிட அவர்கள் பெரிய படிப்புக்காரர்கள் அல்லர்.

நீங்கள் எழுத வேண்டியது வீட்டிலிருந்தே தொடங்குகிறது. உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் கிடக்கும். அவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தோட்டம், எந்த வருஷம், யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று பாட்டியிடம் கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அடுத்த ஒப்பந்தம் போட மேசையில் உட்காரும் தீவு மக்கள் அதைப் படிக்க வேண்டும். பாட்டிக்கு வயதாகிறது, இந்த மாதமே தொடங்குங்கள்.