காத்தலும் மீட்டலும்
(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



எமது வீட்டில் நான்கு கணனிகள் உள. தந்தையார் கணக்கெழுதுவது ஒன்றில். தமையனார் தொழில் பார்ப்பது மற்றொன்றில். தங்கையின் பாடங்களும் எமது ஆய்வுக் கட்டுரையும் எஞ்சிய இரண்டில். சென்ற ஆண்டு எமது கணனியின் வன்தட்டுப் பழுதுற்றது. வேறு தட்டிற் பிரதி உண்டென்று ஆறுதலடைந்தோம். அதனைத் திறந்தபொழுதன்றோ உண்மை புலனாயிற்று! கோப்புகளை விட்டு, அவற்றைச் சுட்டும் குறுக்குவழிகளை மாத்திரமே பிரதி செய்திருந்தோம். மறைந்த பாட்டியார் கூறிய ஊர்க்கதைகளின் ஒலிப்பதிவு அன்றோடு அழிந்தது.

எந்தத் தட்டை வாங்குவது என்றே பலரும் முதலிற் கேட்பர். எது நேர்ந்தால் எங்கிருந்து மீட்போம் என்பதையே முதலிற் கேட்டல் வேண்டும். தட்டுப் பழுதுறலாம், கள்வன் கவரலாம், வெள்ளம் புகலாம், நாமே தவறுதலாக அழித்துவிடலாம். 2017ஆம் ஆண்டு மே மாதத்திற் பரவிய வன்னகிறை என்னும் தீநிரல், கணனியோடு இணைந்திருந்த வெளித்தட்டுகளிலுள்ள கோப்புகளையும் பூட்டியது. ஆதலின் எந்நேரமும் செருகியே கிடக்கும் தட்டை மாத்திரம் நம்புதல் தகாது.

இதற்கென 3-2-1 என்றோர் எளிய விதி உண்டு. மூலத்தோடு சேர்த்துப் பிரதிகள் மூன்று. அவை இருவகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்று வேறிடத்தில்.

நால்வரும் தத்தம் கணனிக்குத் தனித்தனியே பிரதி எடுப்பதென்றால் ஒருவரேனும் மறப்பது திண்ணம். எனவே வீட்டு வலையமைப்பிற் பொதுச் சேமிப்புப் பெட்டியொன்றை வைத்தோம். இரவுதோறும் கணனிகள் தாமாகவே மாற்றமுற்ற கோப்புகளை அதற்கு அனுப்பும். பழைய பதிப்புகளும் அதில் தங்கும். பெட்டியினுள் இரு தட்டுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பினும் அவற்றை இரு பிரதிகளாகக் கொள்ளலாகாது. ஒன்றில் அழித்தது மற்றதிலும் உடனே அழியும். ஆகவே மாதமொருமுறை அனைத்தையும் கடவுச்சொல்லாற் பூட்டிய வேறொரு தட்டில் எடுத்து, மாமி வீட்டு அலுமாரியில் வைக்கிறோம்.

இவ்வளவும் செய்தாற் போதுமா? போதாது. 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி, கிற்லாப் என்னும் கணனி நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தார். பல வழிகளிற் காப்பு அமைத்திருந்தும் அவை பயன்படா என்பது அதன் பின்னரே தெரிந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்னர் வேறு தேவைக்காக எடுத்த பிரதியொன்றே கைகொடுத்தது. தேர்ந்த பொறியியலாளர்க்கே இந்நிலையென்றால் நமக்குச் சொல்லவும் வேண்டுமோ!

இப்பொழுது எமது வீட்டில் மாதந்தோறும் ஒருவர் முறைவைத்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பார்க்கிறோம். சென்ற மாதம் தங்கையின் முறை. தந்தையாரின் பழைய கணக்கொன்றை அவள் மீட்டுக் காட்டியபொழுது, வீட்டாரனைவரும் மகிழ்ந்தோம்.

அன்பர்களே, எமது பாட்டியாரின் குரல் இனித் திரும்பாது. உங்கள் இல்லத்திலும் அத்தகைய குரல் ஒன்று, படம் ஒன்று இருக்கும். மீட்டுப் பாராத பிரதி, உண்டென்று நம்பியிருக்கும் பிரதி மாத்திரமே. இன்றிரவு வீடு சென்றதும் ஒன்றையேனும் மீட்டுப் பாருங்கள்.