விரலுக்குள் அலையும் வெளிச்சம்



போகியன்று விடியற்காலையில் தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையில் வந்திருப்பவர்கள் அறிவீர்கள். பனியும் புகையும் சேர்ந்தால் எதிரே வரும் லாரியின் விளக்குத் தெரியாது. வெண்மையான மூட்டம் மாத்திரமே தெரியும். வெளிச்சம் அழிந்துபோகவில்லை. துளிக்குத் துளி மோதி, திசை மாறி அலைகிறது.

இந்த அலைச்சலுக்கும் கணக்கு உண்டு. திக்குத் தெரியாமல் 100 அடி எடுத்துவைப்பவன் புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 10 அடி தூரமே போயிருப்பான். நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943இல் இதைக் குறித்து நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். நட்சத்திரங்களை ஆராய்ந்தவருக்கும் இது தேவைப்பட்டது!

நம் சதைக்குள்ளும் இதே கதைதான். சிவப்பு வெளிச்சம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்குள் தன் திசையை மறந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் விரலைக் கடக்க நூறு தடவை போலத் தடுமாற வேண்டும். பெரும்பகுதி வழியிலேயே மடிந்துபோகும். தப்பி வருகிற கொஞ்சத்தைக் கொண்டே ஆக்சிமீட்டர் இரத்தத்திலுள்ள பிராணவாயுவைக் கணிக்கிறது. பிராணவாயு குறைந்த இரத்தம் சிவப்பை அதிகம் விழுங்கும்.

குறைமாதக் குழந்தையொன்றின் பாதத்தில் அதைக் கட்டியபோது, "ஐயா, பிள்ளைக்குச் சுடாதா?" என்று தாய் எங்களிடம் கேட்டார். "சுடாதம்மா" என்றோம். மற்றொன்றை அவரிடம் சொல்லவில்லை. கருத்த தோலுள்ளவர்களுக்குக் கருவி சில வேளை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவதை 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு எடுத்துக்காட்டியது. எங்கள் சிஸ்டர்மார் இதை அறிவார்கள். அன்றிரவு எண் 93 என்று காட்டியும், பணியிலிருந்த சிஸ்டர் பிள்ளையின் உதட்டு நிறத்தையும் மார்பு ஏறி இறங்குவதையும் பார்த்தபடி விடியுமட்டும் தொட்டிலருகே இருந்தார்.