மழலையின் அறிவு
(சங்கத்தின் ஆண்டு விழாவில், சிறுவர் போட்டிகளுக்குப் பரிசு வழங்கியபின் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

குழந்தைக் கல்வி பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தனர். யாம் புலவர் பட்டத்திற்குப் பயின்ற காலத்தில் தொல்காப்பியத்தையும் நன்னூலையும் உரைகளோடு கற்றோம். அவற்றைக் கேட்டுத் தலையசைக்கும் மாணாக்கர் வாய்ப்பர் என்று எண்ணியிருந்தோம். வாய்த்தவரோ ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள சிறார். இருபதாண்டுகளாக அவரிடையே வாழ்ந்துவருகின்றோம். மழலையின் இனிமையை வள்ளுவர் மக்கட்பேறு என்னும் அதிகாரத்திற் கூறிவிட்டார். அதன்மேற் கூற எவர்க்கும் இடமில்லை. ஆகலின் யாம் ஈண்டுக் கூறப்புகுவது மழலையின் அறிவைப் பற்றியதாகும்.

பிள்ளைகள் பிழையாகக் கூறுவனவற்றைக் கேட்டு நாம் சிரிக்கின்றோம். சிரித்தல் தவறன்று. ஆயினும் அப்பிழையின் உள்ளே புகுந்து பார்ப்பின், பெரும்பான்மையும் அங்கே ஒரு நேரிய வழக்கு இருக்கக் காணலாம். எம் வகுப்பறையில் நிகழ்ந்த சிலவற்றைச் சொல்கின்றோம். உண்மையை நீங்களே ஆராய்ந்து கொள்ளுங்கள்.

ஒருநாள் மூன்றாம் வகுப்பில் ஆண்பால் பெண்பால் கற்பித்துக்கொண்டிருந்தோம். மாணவன் - மாணவி, தோழன் - தோழி, கிழவன் - கிழவி எனக் கரும்பலகையில் எழுதி, “அண்ணன் என்பதற்கு நேரான பெண்பால் யாது?” என்று வினவினோம். “அக்கா” என்னும் விடையை எதிர்நோக்கியிருந்த எம் செவியில், “அண்ணி!” என்று வகுப்பு முழுவதும் ஒருமிக்க முழங்கிற்று. அதனைத் தெளிவுபடுத்திவிட்டுத் தங்கைக்கு நேரான ஆண்பாலைக் கேட்டோம். சிறுவன் ஒருவன் “தம்பி” என்றான். அவனருகே இருந்த சிறுமி எழுந்து மறுத்தாள். “தப்பு சார். தோழி, கிழவி மாதிரி தம்பியும் பொம்பளைப் பிள்ளை. ஆம்பளைன்னா தம்பன்!”

அன்று இடைவேளையில் அவள் முதல் வகுப்பிற் பயிலும் தன் தம்பியை, “டேய் தம்பா!” என்று விளிக்க, அவன் அழுதுகொண்டே எம்மிடம் முறையிட வந்தான். வழக்கைத் தீர்ப்பது எளிதாக இல்லை. என்னை? அச்சிறுமி கூறியதில் நெறிப் பிழை இல்லை. யாம் கொடுத்த மூன்று எடுத்துக்காட்டிலிருந்து ஒரு விதியைத் தானே வகுத்து, அதனை நான்காவதன்மேற் செலுத்தினாள். பழந்தமிழில் எம்பி, நும்பி, தம்பி என மூன்று சொற்கள் உண்டென்றும், ஈற்றிலுள்ள இகரம் ஈண்டுப் பெண்பால் காட்ட வந்ததன்றென்றும் கதை போல எடுத்துரைத்தோம். அவள் சிந்தித்து, “அப்ப எங்க தம்பி எனக்கு எம்பியா சார்?” என்றாள். கல்லூரியில் யாம் கற்ற பாடம் ஒன்றாயினும் பயன்பட்ட நாள் அஃது.

இன்னொன்று. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கப்பெற்று, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 முதல் மாநிலமெங்குமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்ததை அறிவீர்கள். அப்போது எம் பள்ளியில் புதன்கிழமைதோறும் பொங்கல் வழங்கப்பட்டது. முதல் வகுப்பினர் கிழமைகளின் பெயரை மனப்பாடஞ் செய்யாது, உணவின் பெயரால் அவற்றை அறியத் தலைப்பட்டனர். “இன்று என்ன கிழமை?” என்றால், “பொங்கலுக்கு மறுநாள்” என்பர். அவருள் ஒருவன் ஒரு புதன்கிழமை உண்டு முடித்துக் கைகழுவிக்கொண்டே, “சார், வாராவாரம் பொங்கல் வருதே, ஏன் லீவு விடமாட்டேங்கறாங்க?” என்று கேட்டான். தை மாதத்துப் பொங்கலுக்கு விடுமுறை உண்டெனில் புதன்கிழமைப் பொங்கலுக்கும் வேண்டுமன்றோ? இதற்கு விடையளிக்க அரசாணை எதுவும் எம்மிடம் இல்லை.

கணக்குப் பாடத்தில் நிகழ்ந்தது மற்றொன்று. “வீட்டில் அப்பா, அம்மா, அப்பாயி, நீ என நால்வர். பன்னிரண்டு முறுக்கு இருக்கின்றன. சமமாகப் பகிர்ந்தால் ஒருவர்க்கு எத்தனை?” என்றோம். யாவரும் மூன்று என எழுத, ஒரு சிறுவன் மட்டும் நான்கு என எழுதியிருந்தான். பெருக்கல் வாய்பாட்டில் வல்லவன் அவன். ஆகலின் காரணம் கேட்டோம். “அப்பாயிக்குப் பல்லு இல்ல சார்.” “எனின், அப்பாயிக்கு ஒன்றுமில்லையா?” என்றோம். எம்மை இரக்கமற்றவர் போல நோக்கி, “அவங்களுக்கு வாழைப்பழம் சார்” என்றான். வினாவில் இல்லாத வாழைப்பழத்தை வருவித்தாயினும் பாட்டியைப் பட்டினி போடாத அப்பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்க எக்கைதான் எழும்?

இவையெல்லாம் நகைச்சுவை. இனிச் சொல்வதும் நகையில் தொடங்கியதேயாம். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரைகடந்தபோது, தஞ்சையின் தென்பகுதியாகிய எம் வட்டாரத்தில் தென்னந்தோப்புக்கள் அடியோடு சாய்ந்தன. அடுத்த ஆண்டு இரண்டாம் வகுப்பில் இளமைப் பெயர்களைக் கற்பித்தோம். தொல்காப்பியர் மரபியலில் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது பெயர் கூறியுள்ளார். அவற்றுட் சிறார்க்கு ஏற்பன சிலவற்றை எடுத்து, ஆட்டுக்குட்டி, பசுங்கன்று, தென்னம்பிள்ளை எனப் பழக்கினோம்.

மறுநாள் ஏதோவொரு படிவத்தை நிரப்பும்பொருட்டு, “உங்கள் வீட்டில் பிள்ளைகள் எத்தனை பேர்?” என்று ஒவ்வொருவரையும் கேட்டுவந்தோம். ஒரு சிறுமி, “ஆறு” என்றாள். அவளுக்குத் தம்பி ஒருவனே என்பதை அறிந்த வகுப்பு கொல்லென நகைத்தது. அவள் கலங்காது, “நானும் தம்பியும் ரெண்டு. கொல்லையில நாலு. நேத்து நீங்கதானே சார் சொன்னீங்க, தென்னைக்குப் பேரு பிள்ளைன்னு? புயல்ல எங்க மரமெல்லாம் விழுந்துடுச்சு. அப்பா நாலு பிள்ளை வச்சிருக்காரு. நான்தான் தினம் தண்ணி ஊத்துறேன்” என்றாள்.

நகைப்பு நின்றுவிட்டது. மரம் இழவாத வீட்டுப் பிள்ளை அவ்வகுப்பில் அரிது. படிவத்தில் இரண்டு என்றே எழுதினோம். அரசு கேட்பது அவ்வளவே. ஆறாண்டு கழிந்தபின் அவள் ஒரு மாலைப்பொழுதில் எம் இல்லத்திற்கு வந்து ஒரு தேங்காயைத் திண்ணையில் வைத்து, “மூத்தவன் காய்ச்சிட்டான் சார்” என்றாள். யாம் அதனை உடைக்காது நெடுநாள் வைத்திருந்தோம்.

அன்பர்களே, இங்ஙனம் அஞ்சாது பேசும் வாய் எளிதில் அடைபட்டுவிடுகின்றது. அதனைச் சொல்லவே இவ்வளவும் சொன்னோம்.

எம் மாணாக்கன் ஒருவன் கல் - கற்கள், பல் - பற்கள், சொல் - சொற்கள் என்று கற்ற அன்றே, தன் உறவினர் இல்லத்துக் காதணி விழாவிற்குச் சென்றான். அங்கே தனக்கும் தங்கைக்குமாக, “ரெண்டு பாற்கள் வேணும்” என்று கேட்டான். பந்தியே நகைத்தது. அத்துடன் நின்றிருப்பின் கேடில்லை. அன்று முதல் உறவினர் அவனுக்குப் ‘பாற்கள்’ என்றே பெயரிட்டு, காணுந்தோறும் கேலி செய்தனர். வகுப்பில் முதற்கை உயர்த்துபவனாக இருந்த சிறுவன் ஒரு பருவம் முழுவதும் வாய் திறவாதிருந்தான். வினவினால் தரையை நோக்குவான். அவன் தாயார் வந்து நடந்ததைக் கூறிய பின்னரே காரணம் விளங்கிற்று.

அவன் செய்தது யாது? 1958ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஜீன் பெர்கோ என்னும் அம்மையார், உலகில் இல்லாத ஓர் உயிரின் படத்தை வரைந்து, அதற்கு ‘வக்’ என்று பொய்ப்பெயரிட்டு, நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்குக் காட்டினார். பின்னர் அவ்வுயிர் இரண்டுள்ள படத்தைக் காட்டி, இவை யாவை என்று வினவினார். ஒருபோதும் கேட்டிராத அச்சொல்லுக்குக் குழந்தைகள் தம் மொழியின் பன்மையீற்றைத் தாமே சேர்த்துக் கூறினர். குழந்தை, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கிளியன்று. கேட்டவற்றிலிருந்து விதியை வடித்தெடுக்கும் இலக்கணி என்பது அதனாற் புலனாயிற்று. எம் சிறுவன் ‘பாற்கள்’ என்றதும் அவ்வாறு வடித்ததேயாம்.

மேலும், அவனை நகைத்த பெரியோர் தம் அழைப்பிதழ்களில் ‘நாட்கள்’ என்றன்றோ எழுதுகின்றனர்? நாள்கள் என்பதே செவ்விது. நாட்கள் எனின் நாட்பட்ட கள் என்று பொருள்படும் என இலக்கண ஆசிரியர் எள்ளுவர். முள் - முட்கள் என்பதைக் கண்டு நாள் - நாட்கள் என்ற பெரியோரும், பல் - பற்கள் என்பதைக் கண்டு பால் - பாற்கள் என்ற சிறுவனும் ஒரே வழியில் நடந்தவர்களே. இவ்விழாவின் அழைப்பிதழிலும் ‘விழா நாட்கள்’ என்றே அச்சாகியுள்ளது. செயலாளர் அவர்கள் பொறுத்தருள்க. அவர்களுக்கு எவரும் பட்டப்பெயர் சூட்டவில்லை.

அச்சிறுவனை யாம் தேற்றவில்லை, வேலை கொடுத்தோம். கல், பல், சொல் ஒருபுறமும், கால், பால், நூல் மற்றொருபுறமும் எழுதிய அட்டையைக் கையில் அளித்து, “இவை ஏன் வேறு வேறாக மாறுகின்றன? நீ கண்டுபிடித்துச் சொல்” என்றோம். இரண்டு நாள் உரக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். மூன்றாம் நாள் அவனாகவே எழுந்து, “இதெல்லாம் சின்னதா சொல்றோம், அதெல்லாம் நீட்டிச் சொல்றோம் சார்” என்றான். குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வேறுபாட்டை எவரும் சொல்லாமல் கண்டுகொண்டான். அன்று உயர்ந்த கை மீண்டும் தாழவில்லை.

நன்னூலார் ஆசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமை கூறினார். சிறார்க்குக் கற்பிப்பார்க்கு இவற்றுள் நிறைகோலே முதன்மையுடையது என்பது எம் துணிபு. தட்டில் இடாது எடை கூறலாகாது. பிள்ளையின் விடையைத் தட்டில் இடுதலாவது, “ஏன் அப்படிச் சொன்னாய்?” என்று அன்பொடு கேட்டலேயாம். முற்காலத்துத் திண்ணைப் பள்ளியிற் கோதண்டமிட்டுத் தொங்கவிட்டனர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பிள்ளைகளின் உடலைத் தண்டித்தலோடு உள்ளத்தைத் துன்புறுத்தலையும் பள்ளிகளில் விலக்கியது. வீட்டுக் கூடத்திலும் விருந்துப் பந்தியிலும் நிகழும் கேலியை விலக்கச் சட்டம் வாராது. நாமே விலக்க வேண்டும்.

ஆதலின் தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் எம் வேண்டுகோள் இது. பிள்ளை பிழைபடக் கூறின் சிரியுங்கள். ஆனால் அவனும் உடன் சிரிக்கும்படி சிரியுங்கள். பின்னர்க் காரணத்தைக் கேளுங்கள். விருந்தினர்முன் நிறுத்தி ஒப்பிக்கச் சொல்வதினும், அவன் வினாவொன்றிற்கு விடை தேடி நீங்கள் திகைப்பது அவனுக்குப் பெரும் பரிசாகும். சங்கத்தார்க்கும் ஒன்று: இன்று ஒப்புவித்தலுக்கும் கையெழுத்திற்கும் பரிசளித்தீர்கள்; நன்று. வரும் ஆண்டில் பிள்ளைகள் வினவ, மேடையிலிருக்கும் நாம் விடையிறுக்கும் போட்டி ஒன்றையும் சேருங்கள். தோல்வி நம்முடையதே யாகும் என்பதில் ஐயமில்லை. அத்தோல்வியைப் போல் நமக்கு இன்பந் தருவது பிறிதொன்றில்லை.