ஒரிஜினல் இருக்கா?



ஐயா, இன்றைய தலைப்பு, 'வாழ்க்கையில் மதிப்பு அசலுக்கா, நகலுக்கா?' என்னை அசல் அணியில் உட்கார வைத்திருக்கிறீர்கள். ஆனால் என் வீட்டில் அடுப்பு எரிவது நகலால்தான். தாலுகா ஆபீஸுக்கு எதிரே 18 வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். (சிரிப்பு)

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'அசல்' என்ற சொல்லே தமிழுக்கு அசல் கிடையாது. அரபியிலிருந்து வந்தது. 'நகல்' என்பதும் அங்கிருந்து வந்ததுதான். (சிரிப்பு) இப்போது அதையும் விட்டுவிட்டோம். என் கடைக்கு வருகிறவர்களில் ஒருத்தர்கூட 'அசல்' என்று சொல்வதில்லை. 'ஒரிஜினல்'தான். "ஒரிஜினல் இருக்கா? ஒரிஜினல் வேணுமா? ஒரிஜினலை வாங்கி வச்சுக்கிட்டாங்கம்மா!" ஒரு நாளைக்கு நூறு தடவை இந்த வார்த்தையைக் கேட்கிறேன். கேட்டுக் கேட்டு ஒரு விஷயம் புரிந்தது. ஒரே வார்த்தைதான், ஆனால் ஆளுக்கு ஒரு அர்த்தத்தில் சொல்கிறார்கள்.

லத்தீன் மொழியில் 'எழுவது' என்று பொருள் தரும் சொல்லிலிருந்து பிறந்தது 'ஒரிஜினல்'. சூரியன் எழும் கிழக்கைக் குறிக்கும் 'ஓரியன்ட்' இதற்குக் கூடப் பிறந்த சொல். ஆக, ஒரிஜினல் என்றால் ஒன்று எங்கிருந்து தொடங்கியதோ அது. இது முதல் அர்த்தம்.

இந்த அர்த்தத்தில்தான் ஆபீஸில் கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, கெஜட்டட் ஆபீசர் வீட்டு வாசலில் நிற்போம். அவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, 'உண்மை நகல்' என்று முத்திரை குத்துவார். உண்மையும் அதுவே, நகலும் அதுவே! (சிரிப்பு) 2017-ஆம் வருஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. டிஜிலாக்கரில் அரசுத் துறையே ஏற்றித் தருகிற ஆவணம் ஒரிஜினலுக்குச் சமம் என்றது. செப்டம்பரில் நம்ம தமிழ்நாட்டில் என்ன சொன்னார்கள்? வண்டி ஓட்டினால் ஒரிஜினல் லைசென்ஸ் கையிலேயே இருக்கணும் என்றார்கள். ஒரே வருஷம், ஒரே வார்த்தை, ரெண்டு அர்த்தம். நடுவில் நின்று முழித்தது நாம். (கைதட்டல்)

இரண்டாவது அர்த்தம் கலப்படம் இல்லாதது. ஒரிஜினல் நெய், ஒரிஜினல் தேன். இங்கே எது முதலில் வந்தது என்பது கேள்வி இல்லை. உள்ளே வேறு எதையும் கலக்கவில்லையே என்பதுதான் கேள்வி.

மூன்றாவது அர்த்தத்தை என் வீட்டுக்காரரிடம் கற்றுக்கொண்டேன். அவர் டூவீலர் மெக்கானிக். "ஒரிஜினல் பார்ட்ஸ் போடவா?" என்று கேட்பார். வண்டிக் கம்பெனி எல்லா பாகத்தையும் தானே செய்வதில்லை. வெளியே பட்டறைகளில் செய்து வாங்கி, தன் பெயர் போட்ட டப்பாவில் அடைத்து விற்கிறது. "அப்புறம் எப்படிங்க அது ஒரிஜினல்?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "யார் செஞ்சாங்கன்றது முக்கியமில்ல. கெட்டுப்போனா யார் பொறுப்பேத்துக்கிறாங்களோ, அதுதான் ஒரிஜினல்." (கைதட்டல்)

நான்காவது, இதற்கு நேர் எதிர். 'என்ன ஒரிஜினலான கற்பனை!' என்கிறோமே, அங்கே ஒரிஜினல் என்றால் பழையது அல்ல. யாரையும் பார்த்து எழுதாத புதியது. எட்வர்ட் யங் என்ற ஆங்கிலக் கவிஞர், எழுத்து என்றால் இப்படி ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்று வாதாடி 1759-இல் ஒரு புத்தகமே போட்டார். ஆதியிலிருந்து வந்ததும் ஒரிஜினல், நேற்று புதிதாகப் பிறந்ததும் ஒரிஜினல்.

எங்கள் தொழிலின் கதையைக் கேளுங்கள். செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர், பேட்டன்ட் ஆபீஸ் காகிதங்களை நகல் எடுத்து எடுத்துக் கை நொந்தவர். 1938 அக்டோபர் 22-ஆம் தேதி, நியூயார்க் நகரத்தின் அஸ்டோரியா பகுதியில், அந்தத் தேதியும் ஊர்ப் பெயரும் எழுதிய ஒரு கண்ணாடித் தகட்டிலிருந்து, மையைத் தொடாமல் காகிதத்தில் நகல் எடுத்தார். உலகத்தின் முதல் ஜெராக்ஸ் அது. இப்போது சொல்லுங்கள் ஐயா, அந்த முதல் நகல், நகலா, ஒரிஜினலா? (சிரிப்பு, கைதட்டல்)

இதுவரை சிரித்தோம். இனி நான் சொல்லப்போவதற்காகத்தான் இந்த மேடைக்கே வந்தேன்.

எனக்கு ஒரே மகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் கைக்கு வந்தபோது அவளுக்கு 11 மாதம். ஆமாம், தத்தெடுத்தோம். அஞ்சு வயசிலேயே அவளை மடியில் வைத்து இதைச் சொல்லிவிட்டேன். அவளுக்குத் தெரியாத ரகசியம் எங்கள் வீட்டில் எதுவும் இல்லை.

ஒரு நாள் சாயந்தரம், பள்ளி யூனிஃபார்மோடு கடையில் உட்கார்ந்து காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தாள். பத்திரம் நகல் எடுக்க வந்த ஒருவர், எங்களைத் தெரிந்தவர்தான், நல்ல மனிதர்தான், அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் சாதாரணமாகக் கேட்டார். "இவளோட ஒரிஜினல் அம்மா யாருன்னு தெரியுமாம்மா?"

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. எட்டு ரூபாய் என்றேன். வாங்கிக்கொண்டேன். அவர் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அவள் கேட்டாள். "அம்மா, அவங்க ஒரிஜினல்னா... நீ யாரும்மா? நான் டூப்ளிகேட்டா?"

எத்தனையோ ஆபீசர்களுக்குப் பதில் சொன்ன எனக்கு, அன்றைக்கு என் மகளுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைக்கவில்லை, ஐயா. 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டம், தத்தெடுத்த நாளிலிருந்து அவள் என் பிள்ளைதான் என்கிறது. அந்த உத்தரவு பீரோவில் இருக்கிறது. ஆனால் இருட்டில் படுத்துக்கொண்டு கேட்கிற பிள்ளையிடம் கோர்ட்டு உத்தரவையா எடுத்துக் காட்ட முடியும்?

அவள் தூங்கின பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. யோசித்தேன். இந்த வார்த்தையில் ஒரு ஆபத்து இருக்கிறது. 'ஒரிஜினல்' என்று நாம் ஒருத்தரைச் சொன்ன உடனே, எதிரில் இருக்கிறவர் கேட்காமலேயே டூப்ளிகேட் ஆகிவிடுகிறார். நம்ம தமிழ் அப்படிச் செய்யவில்லை. பெற்ற தாய் என்றது, வளர்த்த தாய் என்றது. ரெண்டு பேரையும் தாய் என்றது. தேவகியும் அம்மாதான், யசோதையும் அம்மாதான். கண்ணனிடம் போய் இதில் யாரப்பா ஒரிஜினல் என்று எவரும் கேட்கவில்லை. (பலத்த கைதட்டல்)

மறுநாள் சனிக்கிழமை. வங்கிக் கடனுக்காக ஒருவர் கட்டுக் காகிதத்தோடு வந்தார். "இதெல்லாம் என் பத்திரம், இது தாய்ப் பத்திரம், ரெண்டு செட் போடும்மா" என்றார். என் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தாய்ப் பத்திரம்னா என்னம்மா?"

"இந்த நிலம் இவருக்கு வர்றதுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு சொல்ற பழைய பத்திரம்டா கண்ணு."

"அப்போ இப்ப இவர் வச்சிருக்கிறது அதோட காப்பியா?"

"இல்ல. அதுவும் அசல்தான். இதுவும் அசல்தான். அது இல்லாம இது வரல. ஆனா இது அதோட நகல் இல்ல."

கொஞ்ச நேரம் அந்த ரெண்டு பத்திரத்தையும் கையில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் மெல்லச் சொன்னாள். "அப்போ ரெண்டுமே ஒரிஜினல்." சொல்லிவிட்டு மெஷினில் வைத்து நகல் எடுக்க ஆரம்பித்தாள். எனக்குத்தான் கண் மறைத்தது.

பிள்ளை நிலம் இல்லை, சொத்தும் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் நான் தேடின பதில் அதுதான். தொடக்கம் என்ற அர்த்தத்தில் ஒரிஜினல், முகம் தெரியாத அந்தப் பெண். அவரை நான் அழிக்க மாட்டேன். தாய்ப் பத்திரத்தைக் கிழிப்பவர் யார்? பொறுப்பு என்ற அர்த்தத்தில் ஒரிஜினல், நானும் என் வீட்டுக்காரரும். யாருடைய பிரதியும் இல்லாத புதுசு என்ற அர்த்தத்தில் ஒரிஜினல், என் மகள். ஒரே வார்த்தை, எல்லாருக்கும் இடம் இருக்கிறது, ஒருத்தரும் டூப்ளிகேட் இல்லை. (நீண்ட கைதட்டல்)

ஆகவே இந்த அரங்கத்தில் இருக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள். காகிதத்தைப் பார்த்துக் கேளுங்கள், ஒரிஜினல் இருக்கா என்று. நெய்யைப் பார்த்துக் கேளுங்கள். பிரேக் ஒயரைப் பார்த்துக் கட்டாயம் கேளுங்கள். தயவுசெய்து ஒரு குழந்தையைப் பார்த்துக் கேட்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. என் கடையில் ஒரு டப்பா இருக்கிறது. அதில் ரேஷன் கார்டு, டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் கிடக்கும். எல்லாமே ஒரிஜினல். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள், நகலைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரிஜினலை மெஷின் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நாமும் அப்படித்தான். ஊரார் பேசுகிற பேச்சைப் பத்திரமாகச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறோம். நம்மை நம்பி நிற்கிற பிள்ளையின் முகத்தை அங்கேயே விட்டுவிடுகிறோம். கடையை விட்டுக் கிளம்புமுன் ஒரு தரம் மூடியைத் திறந்து பாருங்கள்.