சட்டம் என்னும் நச்சாடை

(தேவதானத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



மேற்குமலையின் அடியில், இராசபாளையத்துக்குத் தெற்கே, சேத்தூரை அடுத்த இவ்வூர்க்குத் தேவதானம் என்று வடசொற் பெயரே வழங்குகின்றது. ஆயினும், இவ்வூர்க் கோயிலில் உறையும் இறைவனுக்கு முன்னோர் இட்டது 'நச்சாடை தவிர்த்தருளியவர்' என்னும் நற்றமிழ்ப் பெயர். பகைவேந்தன் ஒருவன் நட்புப் பாராட்டுவான் போன்று, நஞ்சு தோய்த்த ஆடையைப் பாண்டியனுக்குப் பரிசாக விடுத்தான் என்பதும், அந்நஞ்சினின்றும் பாண்டியன் காக்கப்பட்டான் என்பதும் ஊர்வழக்கு. அக்கதையை நம்புவார் நம்புக; நம்பாதார் விடுக. அதன் உட்பொருளோ எல்லார்க்கும் வேண்டுவது. கொல்ல வருவது எக்காலும் வாளாக வருவதில்லை. காப்பு என்னும் பெயர் தாங்கிப் பட்டாடையாகவும் வரும்!

அத்தகைய ஆடையொன்று 1985-இல் தில்லியில் நெய்யப்பெற்றது. 'தடா' என்பது அதன் பெயர். 1987-இல் அது மீண்டும் நெய்யப்பெற்று, முன்னினும் இறுக்கமாயிற்று. அதில் தோய்த்த நஞ்சு யாது? காவல் அலுவலரிடம் ஒருவன் கூறிய ஒப்புதலுரையை அவனுக்கே எதிரான சான்றாகக் கொள்ளலாகாது என்று, 1872-இல் வெள்ளையன் இயற்றிய சான்றுச் சட்டமே விலக்கி வைத்திருந்தது. அடைத்து வைத்தவன் கையில் அகப்பட்டவன் நா அவனுடையதன்று என்பதை அடிமை கொண்ட ஆங்கிலேயனும் அறிந்திருந்தான். தடாவோ, காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ளார் எழுதிக்கொண்ட ஒப்புதலுரையைச் சான்றாக ஏற்கலாம் என்றது. வெள்ளையன் செய்ய அஞ்சியதை விடுதலை பெற்ற தில்லி அஞ்சாது செய்தது!

1991 மே 21-ஆம் நாள், திருப்பெரும்புதூரில் முன்னாள் தலைமையமைச்சர் இராசீவ் காந்தி கொல்லப்பட்டார். கடமையில் நின்ற காவலரும் கட்சித் தொண்டருமாகத் தமிழர் பலரும் அவரோடு மாண்டனர். அக்கொலை கொடிது. அன்று தாயையும் தந்தையையும் இழந்த பிள்ளைகளின் கண்ணீர்க்கு முன் எவர்க்கும் மாற்றுரை இல்லை. கொலையைக் கொலை என்று கூறத் தமிழறம் என்றும் தயங்கியதில்லை. ஆனால், ஓர் உயிர்க்கு ஈடாக எவனோ ஓர் உயிர் என்று கணக்குத் தீர்ப்பது அறமாகுமா? செய்தவன் எவன், அறிந்து செய்தானா, அதற்குச் சான்று யாது என்று ஆராய்வதன்றோ அறம்?

அவ்வழக்கில் நிகழ்ந்ததைக் காண்க. 1998 சனவரி 28-ஆம் நாள், பூந்தமல்லித் தனி வழக்குமன்றம், தன்முன் நின்ற 26 பேர்க்கும் தூக்கு என்றது. ஒருவரும் எஞ்சவில்லை! உயர் வழக்குமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் வழியையும் தடா அடைத்திருந்தது. நேரே உச்ச வழக்குமன்றம் சென்றபின், 1999 மே 11-இல் அவ் இருபத்தறுவருள் 19 பேர் தூக்குக் கயிற்றினின்றும் விடுபட்டனர். மூவர்க்கு வாழ்நாள் சிறை. நால்வர்க்குத் தூக்கு உறுதி. முன்னைய தீர்ப்பு அவ்வாறே நிறைவேறியிருப்பின், அப் பத்தொன்பது பேரின் உயிரை எந்த மன்றம் மீட்டுத் தந்திருக்கும்?

அதனினும் பெரிய முரண் ஒன்றுண்டு. அக்கொலை தடா கூறும் 'பயங்கரவாத'ச் செயலன்று என்று உச்ச வழக்குமன்றமே 1999-இல் தீர்ப்பளித்தது. தடாக் குற்றங்கள் அனைத்தும் தள்ளப்பட்டன. அச்சட்டமோ 1995-இலேயே காலம் முடிந்து மாய்ந்திருந்தது. ஆயினும், அச்சட்டத்தின்கீழ் எழுதிக்கொண்ட ஒப்புதலுரைகள் மட்டும் செல்லும் என்று கொள்ளப்பட்டன. ஆடையைக் களைந்தனர், நஞ்சை உடலில் விட்டனர்! நால்வர் கழுத்தில் கயிறு நின்றது இவ்வாறுதான்.

அந்நால்வருள் ஒருவர் பேரறிவாளன். 1991 சூன் திங்களில் பிடிக்கப்பட்டபோது அவர்க்கு அகவை 19. ஒன்பது வோல்ட்டு மின்கலம் இரண்டு வாங்கித் தந்தார் என்பது அவர்மேல் நின்ற பெருங்குற்றம். எதற்காக வாங்கப்பட்டன என்று தமக்குத் தெரியாது என அவர் கூறிய பகுதியைத் தாம் எழுதாது விட்டதாக, அவ்வுரையைப் பதிந்த நடுவண் புலனாய்வு அலுவலரே, ஓய்வு பெற்றபின், 2013-இல் வெளிப்படையாகக் கூறினார். ஒரு வரி! அவ்வொரு வரி விடுபட்டதற்கு விலை, ஓர் இளைஞனின் 31 ஆண்டு. சிறைவாயில்தோறும் நடந்து தேய்ந்த அற்புதம்மாளின் 31 ஆண்டு.

இது தமிழகத்துக்கு மட்டும் உற்ற நோயன்று. 1974-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் குண்டு வெடித்து 21 பேர் மாண்டனர். அயர்லாந்துக்காரர் அறுவர் பிடிக்கப்பட்டு, காவலரிடம் அளித்த ஒப்புதலுரைகளைக்கொண்டு 1975-இல் வாழ்நாள் சிறை பெற்றனர். 1991-இல் அவர்மேல் இட்ட தீர்ப்பே தள்ளப்பட்டது, அறுவரும் விடுதலையாயினர். கொலைக்குத் தூக்கு என்பதை அந்நாடு முன்னரே ஒழித்திருந்தமையால்தான் அவர்கள் உயிரோடு வெளிவந்தனர். தூக்குமரம் நின்றிருப்பின், பிழையை உணர்ந்த மன்றம் கல்லறையிடமன்றோ பொறுத்தல் கேட்டிருக்கும்!

கோவலனை ஆராயாது கொல்வித்த பாண்டியன், கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டிய அந்நொடியே தன் பிழை உணர்ந்து அரியணையில் வீழ்ந்து உயிர்விட்டான் என்கிறது சிலப்பதிகாரம். தில்லிக்கோ, அருள் வேண்டுகைகளுக்கு விடை தரவே 11 ஆண்டு ஆயிற்று. 2011-இல் வந்த அவ்விடையும் 'இல்லை' என்பதே. 2011 செபுதம்பர் 9-ஆம் நாள் மூவர்க்கும் தூக்கு என்று நாள் குறித்தனர். காஞ்சியில் இளம்பெண் செங்கொடி தீக்கு இரையானாள். அவள் அன்பு பெரிது. அவ்வழி இனி எவர்க்கும் வேண்டா. உயிரோடிருந்து போராடுவார் இவ்வினத்துக்குப் பலர் வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. அன்றே சென்னை உயர் வழக்குமன்றம் தூக்கைத் தடுத்தது. 2014 பிப்ருவரி 18-இல் காலத்தாழ்வைக் கரணியம் காட்டி உச்ச வழக்குமன்றம் அதனை வாழ்நாள் சிறையாகக் குறைத்தது.

2018-இல் தமிழக அமைச்சரவை எழுவரையும் விடுவிக்கப் பரிந்துரைத்தது. மக்கள் தேர்ந்த அமைச்சரவையின் முடிவை, மக்கள் தேராத ஆளுநர் இரண்டாண்டுக்கு மேலாக முடக்கி வைத்து, முடிவில் குடியரசுத் தலைவர்க்குத் தள்ளிவிட்டார். 2022 மே 18-இல் பேரறிவாளனும், நவம்பர் 11-இல் ஏனை அறுவரும் உச்ச வழக்குமன்றத்தால் விடுபட்டனர். அது குற்றமற்றோர் என்னும் தீர்ப்பன்று, விடுவிப்பு மட்டுமே. ஈழத்தவர் நால்வர்க்கு அதுவும் முழுமையாக வாய்க்கவில்லை. சிறையினின்றும் திருச்சிச் 'சிறப்பு முகாமு'க்கே மாற்றப்பட்டனர். அவருள் சாந்தன், தாயைக் காணும் ஏக்கத்தோடே 2024 பிப்ருவரி 28-இல் சென்னையில் உயிர் நீத்தார். மகனை எதிர்பார்த்திருந்த ஈழத்துத் தாய்க்கு உடலே சென்று சேர்ந்தது.

தடா போயிற்று, 2002-இல் பொடா வந்தது. பேசியதற்காகவே வைகோவும் பழ. நெடுமாறனும் சிறை புகுந்தனர். 2004-இல் பொடா போயிற்று. அதன் கூறுகள் பல 'ஊபா'வுக்குள் புகுந்தன. காவலரிடம் அளித்த ஒப்புதலுரை செல்லும் என்பது அதில் இல்லை, அது மெய்யே. ஆயினும், 2008-இல் செய்த திருத்தம் பிணைவிடுதலையை அரிதாக்கிற்று. தீர்ப்புக்கு முன்பே ஆண்டுக்கணக்கில் சிறை என்றால், அவ்வழக்கே ஒறுப்பாகிவிடுகின்றதன்றோ? 2024 சூலை முதல் நடப்புக்கு வந்த 'பாரதீய நியாய சங்கிதை'யோ, பொதுக் குற்றச் சட்டத்துக்குள்ளேயே 'பயங்கரவாத'த்துக்குத் தனிப்பிரிவு வைத்துள்ளது. ஆடையும் வடவருடையது, அதன் பெயரும் வடமொழி!

தமிழீர்! வேண்டுவன சிலவே. தூக்கு ஒழிக. காவலறையில் பிறந்த உரை எக்காலும் சான்றாகாதொழிக. சிறையாளரை விடுவிக்கும் மாநில அமைச்சரவையின் உரிமையில் ஆளுநர் தலையிடாதொழிக. தமிழ்நாட்டு உயர் வழக்குமன்றத்தில் தமிழ் ஒலிக்க! 2006-இல் சட்டமன்றம் இயற்றிய தீர்மானத்தைத் தில்லி ஏற்கவில்லை. மகனைத் தூக்கிலிடும் தீர்ப்பைத் தாய் தன் மொழியிற் படிக்க இயலாத நாட்டில், அறம் யார் பொருட்டு உரைக்கப்படுகின்றது?

நாளையும் ஓர் ஆடை வரும். நாட்டுக் காப்பு என்று அதற்குப் பெயரிடுவர். உடுத்துமுன் உதறிப் பார்க்க! நஞ்சு தோய்ந்ததாயின் நெய்தவன் கையிலேயே திருப்பித் தருக! நச்சாடை தவிர்த்த ஊர் தமிழினத்துக்குச் சொல்லும் சொல் இதுவே.

வெல்க தமிழ்! வெல்க அறம்!