கடன் வாங்கிப் படிக்கலாமா?

(சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

காபி ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது செயலாளர் உத்தரவு.

என் தகப்பனார் மெட்ரிக் தேறி, டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்து மாட்டுங்காவுக்கு வந்தவர். நம்மில் பலர் வீட்டுக் கதையும் இதுதான். அந்தப் படிப்புக்கு ஆன செலவை இரண்டு மாதச் சம்பளத்தில் எடுத்துவிட்டார். அடுத்து நான், போதார் காலேஜில் பி.காம். என்ன ஃபீஸ் கட்டினேன் என்பதே ஞாபகமில்லை. வலித்திருந்தால் ஞாபகமிருக்கும். ஆகவே படிப்பில் போட்ட பணம் வீண் போகாது என்பது எனக்கு வேதவாக்கு. 2014-ல் செம்பூர் மாமி ஒருவரிடமும் அதையே சொன்னேன். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

கணவர் காலமாகி, குடும்ப பென்ஷனில் இருப்பவர். பையனுக்கு ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. நாலு வருஷத்துக்கு 10 லட்சம். "ஆத்தை ஈடா வெக்கச் சொல்றா. வெக்கலாமா அண்ணா?" என்றார். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். (ஏழரை என்றாலே நமக்குப் பயம்தான்.) "தாராளமா வையுங்கோ" என்றேன். முப்பது வருஷம் வங்கியில் இருந்தவன், ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டவில்லை.

இப்போது போடுகிறேன். வருஷத்துக்கு இரண்டரை லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும், அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வருஷத்துப் பணத்துக்கு 5 வருஷ வட்டி, அடுத்தடுத்தவற்றுக்கு 4, 3, 2 வருஷம். தனிவட்டியே மூன்றரை லட்சம். ஆக, கட்ட ஆரம்பிக்கும்போது கடன் பதின்மூன்றரை லட்சம். பத்து வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 17,840 ரூபாய். மொத்தம் 21 லட்சத்துக்கு மேல்.

பையனின் முதல் சம்பளம் 22,000. மீதியில் ரயில் பாஸ், மத்தியானச் சாப்பாடு. மூன்று வருஷம் மாமியின் பென்ஷனில்தான் பாதித் தவணை போயிற்று. வேலை பிடிக்கவில்லை, விடவும் முடியவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால், "கடன் முடியட்டும்மா" என்கிறானாம். முடிய 2029 ஆகும்.

பட்டமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வங்கி ஆபீசர் பரீட்சை எழுதவே பட்டம் வேண்டும். வி.ஜே.டி.ஐ.யும், முன்பு யு.டி.சி.டி. என்றிருந்த ஐ.சி.டி.யும் மாட்டுங்காவில்தான் இருக்கின்றன. அங்கே இடம் கிடைத்தால் கடன் வாங்கியாவது சேருங்கள். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. நீங்கள் பார்த்திருக்கும் கல்லூரி பட்டியலில் இல்லையென்றால், ஏன் இல்லை என்று விசாரியுங்கள். வட்டிக்கு வரிக்கழிவு உண்டே என்பார்கள். அது பழைய வரி முறையில்தான், புதியதில் கிடையாது.

பி.காமோடு சி.ஏ. சேர்ந்தால் ஆர்ட்டிகிள்ஷிப்பில் ஸ்டைபெண்ட் வரும். பரீட்சை கடினம், பலர் நாலைந்து தடவை எழுதுகிறார்கள். ஆனால் தேறாவிட்டாலும் வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கும்.

செம்பூர் மாமிக்கு அன்று போட்டுக் காட்டாத கணக்கை, இனிச் சனிக்கிழமை சாயங்காலங்களில் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து யாருக்கு வேண்டுமானாலும் போட்டுத் தருகிறேன். கல்லூரிக் கட்டண விவரமும் வங்கிப் படிவமும் கொண்டு வாருங்கள். பையனையோ பெண்ணையோ அவசியம் கூட அழைத்து வாருங்கள். கையெழுத்துப் போடப்போவது அவர்களும்தானே.