உண்மையை வரைந்து காட்டும் கருவிகள்



நாம் நெடுங்காலம் நம் குறைகளைச் சொற்களால் முறையிட்டு வந்தோம். சொல்லை மறுப்பது எளிது. அளந்து வரைந்த கோட்டை மறுப்பது அரிது. 1900-ஆம் ஆண்டு பாரிசுக் கண்காட்சியில் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் இதனை மெய்ப்பித்தார். அடிமைமுறை ஒழிந்த 35 ஆண்டுகளில் தம் மக்கள் அடைந்த எழுத்தறிவையும் நிலவுடைமையையும், அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களின் துணையோடு வண்ண வரைபடங்களாக்கி உலகின்முன் வைத்தார். அவை கையால் வரையப்பட்டவை.

இன்று அப்பணிக்குக் கணிப்பொறி மென்பொருள்கள் உள்ளன. 1986-இல் வெளிவந்த குனூபிளாட், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆர் மொழி, பைத்தான் மொழிக்குரிய மேட்பிளாட்லிப் ஆகியவை விலையின்றிக் கிடைப்பவை. வலிப்பு நோயாளரின் மூளை மின்னலைகளை ஆராய்ந்த ஜான் ஹன்டர் என்பார், விலைக்கு வாங்கிய மென்பொருளின் ஒரே உரிமத்தை ஆய்வுக்கூடத்தார் பலரும் பகிர்ந்துகொள்ள நேர்ந்த நிலையில், மேட்பிளாட்லிப்பை இயற்றி 2003-இல் அனைவருக்கும் பொதுவாக்கினார். திறவுகோல் ஒருவரிடம் இருக்க, ஏனையோர் வாயிலில் நிற்பதன் துயரம் நமக்குப் புதிதன்று. ஆகவே இப்பொதுமையின் அருமையை நாம் நன்கு உணர்வோம்.

இக்கருவிகளில் படத்தை ஆணைகளாக எழுதுகிறோம். அவ்வாணைகளைச் சேமித்து வைத்தால், அடுத்த ஆண்டின் எண்களை இட்டு அதே படத்தை மீண்டும் பெறலாம்; பிறரும் சரிபார்க்கலாம். பிடிஎஃப், எஸ்விஜி வடிவங்களில் சேமித்த கோடுகள் எவ்வளவு பெரிதாக்கினும் மங்கா. அச்சுகளில் பெயரும் அலகும் இருத்தல் வேண்டும். பட்டை வரைபடம் சுழியிலிருந்து தொடங்குதல் வேண்டும். இல்லையேல் சிறு வேறுபாடு மலையெனத் தோன்றும். வானவில் வண்ணங்கள் இல்லாத எல்லைகளைக் காட்டி ஏமாற்றும். ஆதலால் 2017 முதல் மேட்பிளாட்லிப், நிறக்குருடு உடையோரும் வேறுபடுத்திக் காணத்தக்க விரிடிஸ் வண்ண வரிசையையே இயல்பாகத் தருகிறது.

இளைஞர்களே! நம் தெருக்களில் பள்ளியை இடையில் விட்ட பிள்ளைகள் எத்தனை பேர், குடிநீர்க்குழாய் எத்தனை வீடுகளுக்கு உண்டு என்று நாமே எண்ணுவோம், நாமே வரைவோம். நமக்குப் பாதகமான எண்ணையும் மறைக்க வேண்டா. ஒன்றை மறைத்தது வெளிப்படின் மற்றவையும் மதிப்பிழக்கும். பிறர் நம்மைப்பற்றி எழுதியதைப் படித்தது போதும்; நம் கணக்கை நாமே வரைந்து மன்றத்தில் வைப்போம்.